குழாயைத் திறந்துவிட்டுப் போட்ட திட்டம்

“யாரு செத்தது?”

மீட்டர் மூடியைத் தூக்கிப் பிடித்தபடி கலியாணசுந்தரம் நிமிர்ந்தார். வாசலில் பாக்கியலட்சுமி அம்மாள் முறத்தோடு நின்றிருந்தாள். அவர் பண்டார் ஹிலிர் ஸ்டுடியோவில் மனைவியோடு பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டது நேற்றுத்தான். அதற்குள் காஜா பெராங் வட்டாரம் முழுவதும் தெரிந்திருந்தது.

“யாரும் சாகலைங்கம்மா.”

“கல்யாணமா? நெலத் தகராறா?”

“இல்லீங்க.”

“ஒண்ணுமில்லாம எதுக்குலா கப்பல் ஏறணும்?”

நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. பதினோரு வருஷமாக மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குனிந்து நிமிர்ந்தவர். எண்ணைப் படிப்பார், நோட்டில் எழுதுவார், மூடியை மூடுவார். பொய்க்கு அதில் இடமில்லை. பழக்கமில்லாதவர் முதல் பொய்யையே பெரிதாகச் சொன்னார்.

“பழனிக்கு ஒரு வேண்டுதல்.”

அம்மாளின் முகம் இளகிவிட்டது. “பிள்ளைக்கா? கல்யாணமாகிப் பதிமூணு வருஷமாச்சே! முருகன் குடுப்பான்பா. மொட்டை போட்டுக்கிட்டுத்தானே வருவ?”

உண்மையில் எல்லாம் ஒரு காலண்டரால் வந்தது. கொடைக்கானல் ஏரி, ஒரு படகு, அதில் ஓர் ஆணும் பெண்ணும். படத்தில் மூன்றாவது ஆள் இல்லை. அவர் மனைவி பூங்காவனத்துக்குப் பிடித்தது அதுதான்.

அவர்கள் வீட்டில் மூன்றாவது ஆள் உண்டு. கலியாணசுந்தரத்தின் அக்கா பொன்னம்மா, கணவனை இழந்தவள். அறைகளுக்கு நடுவில் இருந்த பலகைத் தடுப்பு கூரையைத் தொடாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து ‘நூறு’ என்று வாழ்த்து வரும். அதனால் கணவனும் மனைவியும் குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் பேசினார்கள். தண்ணீர் வீணாவதைப் பொறுக்காமல் அவர் அடியில் வாளியை வைப்பார். வாளி நிரம்பினால் பேச்சு முடிந்தது. எந்தக் கப்பல் என்பதற்கு ஒரு வாளி. எங்கே தங்குவது என்பதற்கு இரண்டு. நடுத்தெருவில் கை கோத்து நடக்கலாமா என்பதற்கு மட்டும் நாலு வாளி ஆனது.

குழாய் ஓடும் ஓட்டத்தைக் கேட்டுவிட்டு, பொன்னம்மா ஒன்றும் கேட்காமல் தம்பிக்குக் கசப்பாக ஒரு கஷாயம் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். எதற்கென்று புரியாமலே அவர் குடித்துவந்தார்.

பழனிப் பொய் அவரை முந்திக்கொண்டு வீடுவீடாகப் போயிற்று. ஒரு வீட்டில் மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து தந்தார்கள். ஒரு வீட்டில் வெள்ளிக் கண்மலர். பஞ்சாமிர்தம் கேட்டவர்கள் பதினாறு பேர். எல்லோரும் அவருடைய சுருட்டை முடியை ஒருமுறை பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

“மொட்டைத் தலையோடயா படகுல உக்காருவீங்க?” என்றாள் பூங்காவனம், குழாயடியில்.

“தொப்பி போட்டுக்கலாம்.”

“அந்தப் படத்துல தொப்பி இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை பாக்கியலட்சுமி அம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் காணிக்கையோடு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் பொன்னம்மா கட்டிலுக்கடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தாள்.

“தம்பி, எனக்கும் பாஸ்போர்ட் போட்டுரு. பிள்ளை வேண்டுதல்னா வீட்டுப் பெரியவ கூட வரணும். கப்பல்ல உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் படுத்துக்கறேன். சாமான் பத்திரமா இருக்கும்.”

கலியாணசுந்தரத்தின் கண் குளியலறைப் பக்கம் போயிற்று. பூங்காவனம் குழாயைத் தேடவில்லை.

“அண்ணி, வேண்டுதல் ஒண்ணுமில்ல. அவரு பொய் சொன்னாரு.”

“பின்ன எதுக்குப் போறீங்க?”

“ஏரியில படகு விட. தெருவுல கை கோத்து நடக்க.” அவள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டாள். “மெர்டேகா வந்து ஏழு மாசமாச்சு. நாட்டுக்கே சுதந்திரம் குடுத்துட்டாங்க. எங்க ரெண்டு பேருக்கு ஒரு நாப்பது நாள் குடுங்களேன்.”

பாக்கியலட்சுமி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கையா? நடுத்தெருவுலயா? தம்பி, நீயுமா?” என்றாள் பொன்னம்மா.

“ஆமாக்கா. நாலு வாளி பேசி முடிவு பண்ணினோம்.”

பொன்னம்மாவுக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. “அடப் பாவி! அதுக்குத்தான் பைப்பு அந்த ஓட்டம் ஓடுச்சா? வயித்தால போவுதுன்னு நெனச்சு நான் தினம் கஷாயம் காச்சினேனேடா!”

வந்தவர்கள் சிரித்து அடங்கும்வரை அவள் சிரிக்கவில்லை. பிறகு பெட்டியைக் காலால் பூங்காவனத்தின் பக்கம் தள்ளினாள். “பெரிய பொட்டிதான். ரெண்டு பேரு துணி அடங்கும்.”

மறுநாள் திங்கட்கிழமை. கலியாணசுந்தரம் நாற்பத்து மூன்று வீடுகளில் மீட்டர் பார்த்தார். காணிக்கை முடிச்சுகளையும் கண்மலரையும் திருப்பிக் கொடுத்தார். பாக்கியலட்சுமி அம்மாள் ஒரு கம்பளிச் சட்டையைக் கொடுத்து, அங்கே குளிரும் என்றாள். அலுவலகத்தில் விடுமுறைத் தாளில் ‘வழிபாடு’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ‘உல்லாசப் பயணம்’ என்று எழுதினார். குமாஸ்தா இரண்டு தடவை படித்துவிட்டு முத்திரை குத்தினார். மாலையில் தன் வீட்டு மீட்டரைப் பார்த்தார். போன மாதத்தைவிட இரண்டு மடங்கு ஓடியிருந்தது. குறித்துக்கொண்டார். பொன்னம்மா ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போய், வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினாள். அதுவரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்; குழாய் மூடியே இருந்தது. பிறகு மூவரும் சாப்பிட்டார்கள்.