மதுரைவீரன் வீட்டு டிராயர்கள்

மதுரைவீரனின் கைக்கு எதையும் மெதுவாகச் சாத்தத் தெரியாது. மருங்காபுரிக்கும் திருச்சிக்கும் இடையே ஓடிய அரசுப் பஸ்ஸில் ஆயுசில் பாதியைக் கண்டக்டராகக் கழித்தவர். அந்தக் காலத்துப் பஸ் கதவு ஓங்கி அறைந்தால்தான் மூடும். மூடிய சத்தம் காதில் விழாமல் அவர் விசில் ஊதியதே இல்லை. ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலைப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகும் கை திருந்தவில்லை. பீரோ, பிரிட்ஜ், குளியலறை எல்லாமே அவருக்குப் பஸ் கதவுதான். மனைவி சந்திரம்மாள் உள்ளேயிருந்து, "வண்டி கெளம்பிருச்சா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

அவள் போய்ச் சேர்ந்த பிறகு சமையலை அவரே எடுத்துக்கொண்டார். மகன் சிவசங்கருக்குக் கத்தாரில் வேலை. வீட்டில் அவரும் மருமகள் இளவேனிலும்தான். அவள் தில்லை நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சில மாதங்களாக நைட் டியூட்டி. காலையில் கேன்டீனிலேயே ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்து படுத்தால், மதியம் தாண்டித்தான் எழுவாள். அவள் அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். டிராயரை இவர் தள்ளினால் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் ஆடும்.

அதனால் அவள் தூங்கும்போது சமையலறைப் பக்கமே போவதில்லை என்று வைத்துக்கொண்டார். விடியற்காலையிலேயே சமைத்து மூடிவைத்தாலும், தட்டு எடுக்க அலமாரிக் கதவைத் திறந்து சாத்த வேண்டுமே என்று பயம். அவள் எழும்வரை பிஸ்கட்டும் தண்ணீருமாகப் பொழுதை ஓட்டினார். அவருக்குச் சர்க்கரை வேறு உண்டு.

ஒருநாள் இளவேனில், தன்னோடு வேலை பார்க்கும் சுராயாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ரூம் ஏதாவது இருந்தால் சொல்லு, பகலில் தூங்குவதற்கு மட்டும்தான் என்றாள். இவ்வளவு அடக்கி வாசித்தும் சத்தம் தாங்காமல்தான் பிள்ளை வெளியே இடம் தேடுகிறது என்று முடிவு கட்டிவிட்டார். அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் ஃபேன் சுற்றுவதைத் தவிர வேறு அசைவு கிடையாது. கேட்கவும் வாய் வரவில்லை.

மறுநாள் பஸ் ஏறி மலைக்கோட்டைக் கடைவீதிக்குப் போனார். ஹார்டுவேர் கடை இருதயநாதன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தொட்டில்ல கொழந்த இருக்குங்களா?" என்றார்.

"ஆமா. முப்பது வயசு."

அலமாரியை மாற்ற வேண்டாம் என்று இருதயநாதன் விளக்கினார். டிராயர் வழுக்கி ஓடும் இருபக்கச் சேனலை மட்டும், தானே மெல்ல மூடும் ரகமாக மாற்றினால் போதும். கதவுக்கு உள்பக்கம் விரல் நீளத்தில் ஒரு சின்னக் குழாயைப் பொருத்திவிட்டால், கதவு வந்து மோதும்போது அது தாங்கிப் பிடித்து மெல்லச் சாத்தும். சாயங்காலம் இளவேனில் டியூட்டிக்குக் கிளம்பியதும் அவரே டிரில்லோடு வந்து எல்லாவற்றையும் பொருத்தினார்.

வினை அதற்கப்புறம்தான். மசாலா டப்பா டிராயரை மதுரைவீரன் பழக்கதோஷத்தில் அறைந்தார். அது பாதியில் வேகம் குறைந்து தயங்கியது. மூடவில்லை என்று நினைத்து முழங்காலால் ஒரு முட்டு முட்டினார். உள்ளே ஏதோ 'டக்'கென்று உடைந்தது.

"அண்ணே, லேசாத் தள்ளிட்டுக் கைய எடுத்துருங்க. மிச்சத்த அதுவே பாத்துக்கும்."

"மூடலேன்னா?"

"மூடும்."

"இல்ல, மூடலேன்னா?"

இருதயநாதன் சிரித்தபடி வேறு சேனல் போட்டுக் கொடுத்தார். போகும்முன், குழந்தைக்கு எழுதப் பழக்குவதுபோல அவர் கையைப் பிடித்து நாலைந்து முறை தள்ளவும் வைத்தார்.

மறுநாள் காலை இளவேனில் வந்து படுத்த பிறகு, மதுரைவீரன் ஒவ்வொரு டிராயராக இழுத்தார், தள்ளினார், கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அவை பூனை மாதிரி உள்ளே போய் அடங்கின. அந்த அதிசயத்தில், அவள் தூக்கம் கலைந்து வாசற்படியில் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"என்ன மாமா பண்றீங்க?"

"இனிமே சத்தமே வராதும்மா. நீ ரூமுக்கெல்லாம் போக வேணாம்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் ஒருமாதிரி ஆனது.

"ராத்திரி பூரா மானிட்டர் கத்தறத கேட்டுட்டு வரேன். எனக்கு டிராயர் ஒரு சத்தமா? நான் தூங்கறேன்னு நீங்க பட்டினி கெடக்கறீங்க. குப்பைக் கூடையில பிஸ்கட் கவர் சேர்றத நானும் பாக்கறேன்ல? நான் இங்க இல்லேன்னாலாவது நேரத்துக்குச் சாப்பிடுவீங்களேன்னுதான் ரூம் தேடுனேன்."

அவர் சிங்க்கைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்க அங்கே ஒன்றுமில்லை.

இளவேனில் தட்டு அலமாரிக் கதவைத் திறந்து, கையை விட்டாள். அது ஓசையில்லாமல் சாத்திக்கொண்டது.

"எல்லாம் இருக்கட்டும். இதுக்கு மட்டும் கழட்டிருங்க. பத்து மணிக்கு நீங்க தட்டு எடுக்கறது எனக்குக் கேக்கணும். கேக்கலேன்னா சுராயாவுக்குப் போன் போட்டுருவேன்."

அன்று சாயங்காலம் இருதயநாதன் அந்தக் குழாயைக் கழற்றும்போது, போட்ட மறுநாளே கழற்றச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்று சொல்லிச் சிரித்தார். மதுரைவீரனும் கூடச் சிரித்துவைத்தார்.

அடுத்த நாள் பத்து மணிக்குத் தட்டை எடுத்தார். சொன்னது நினைவிருந்தும், அவள் தூங்குகிறாளே என்று கை தானாகத் தயங்கியது. கதவைப் பிடித்து மெல்ல விட்டார்.

"கேக்கல மாமா" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

திறந்து, ஓங்கிச் சாத்தினார். உள்ளே தட்டுகளெல்லாம் அதிர்ந்து ஓய்ந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அறையிலிருந்து சத்தமில்லை. உப்புமாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.