பொத்தை உச்சியில் ஒரு குரல்

தென்காசிப் பக்கம் சின்னக் குன்றைப் பொத்தை என்போம். அப்படி ஒரு பொத்தையை உடைத்துக் கல்குவாரி போட ஒருவர் அனுமதி கேட்டிருந்தார். இடத்தைப் பார்க்க வந்த அதிகாரிக்கு நான்தான் ஜீப் ஓட்டினேன்.

உச்சியில் ஓர் அக்கா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்ட தண்ணீர் பாட்டில். குற்றாலத்து மலையில் சாரல் இறங்கினால் பொத்தை உச்சியிலிருந்தே சத்தம் கொடுப்பாராம். அதைக் கேட்டுத்தான் பொத்தைக்கு இரண்டு பக்கத்து ஊர்க்காரர்களும் களத்தில் காயும் நெல்லை மூடுவார்கள்.

கூட வந்த குவாரிக்காரர் சொன்னார்: “ஊரு ரெண்டும் தூரம் சார். வெடி வச்சாலும் அங்கன கேக்காது.”

அந்த அக்கா பாட்டிலைத் திறந்து தொண்டையை நனைத்துக்கொண்டார். பாறை விளிம்பில் போய் நின்றார்.

“ஏட்டி, சாரல் வருது! நெல்ல மூடுங்கட்டி!”

கிழக்கிலும் மேற்கிலும் பெண்கள் களத்துக்கு ஓடினார்கள். நீலத் தார்ப்பாய்கள் விரிந்தன. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

“என் தொண்டையே கேக்குது. இவரு வெடி கேக்காதோ சார்?”

அதிகாரி சிரித்துவிட்டார். குவாரிக்காரர் சிரிக்கவில்லை.

இறங்கும் முன் நான் கேட்டேன்: “பொய்யா கூப்பிட்டதுக்கு ஊர்ல ஏச மாட்டாங்களாக்கா?”

“ஏசட்டும் தம்பி. ஏசுததுக்கு ஊரு இருக்கும்லா!”

அனுமதி மறுத்து உத்தரவு வந்தது. இப்போதும் அந்தப் பக்கம் போனால் ஒரு முறை ஹாரன் அடிக்கிறேன். அந்த அக்காவுக்குக் கேட்காமலா இருக்கும்?