பாய்லர் அக்கா கோஷ்டி எடுத்த கதை

மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுத்து இஸ்திரி போட்டு அனுப்பும் லாண்டரி அது. அங்கே இருபத்தோரு வருஷமாக பாய்லரைப் பார்த்துக்கொள்வதால் அவர் எல்லாருக்கும் பாய்லர் அக்கா. பத்து வயது மூத்த மேனேஜருக்கும் அக்காதான். காலையில் வந்ததும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பார், பிரஷர் மீட்டரை விரல் நுனியால் இரண்டு தட்டுத் தட்டுவார், அப்புறம்தான் கைப்பையைக் கீழே வைப்பார். முள் சிவப்புக் கோட்டைத் தொட ஒரு நாளும் விட்டதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்!

வீட்டில்தான் சரியில்லை. வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இடது கண்ணில் பார்வை மங்கிப்போய், எட்டு மாதத்துக்கு முன்னால் ஸ்டியரிங்கை விட்டு இறக்கிவிட்டார்கள். அன்றோடு மனிதர் பேச்சையும் இறக்கி வைத்துவிட்டார். முன்பெல்லாம் வேலை முடிந்து வந்தால், சில்லறைக்குச் சண்டை போட்டவர், தூங்கி வழிந்து கடைசி நிறுத்தம் வரை போனவர் என்று ஒருவர் விடாமல் கதை சொல்வார். "கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசுங்களேன்" என்று அக்கா கும்பிடு போடுவார். இப்போது எதைக் கேட்டாலும் ஒரு "ம்". அதற்கு மேல் பிடுங்கினாலும் வராது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் பொம்மைக் கடை மாடிக்குப் போய்வருவார். என்ன செய்கிறார் என்று அக்கா கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு நாள் துவைக்க எடுத்த சட்டைப் பையிலிருந்து டங்கென்று ஒரு உலோக மனிதன் விழுந்தான். கட்டைவிரல் உயரம். தலையில் நெட்டைத் தொப்பி, கண்ணில் வெல்டிங்காரர் போடுவது மாதிரி கண்ணாடி, முதுகில் செம்பு நிறத்தில் ஒரு குட்டி உருளை, அதிலிருந்து இரண்டு குழாய். அக்கா அவனை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க, இவன் முதுகுல என்ன?"

"பாய்லர்."

"பாய்லரா? ஆவியை வெளிய விட சேஃப்டி வால்வு எங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டுப் போனது. அக்காவுக்கு அது போதும். புதன்கிழமை வேலை முடிந்ததும் நேராகப் பொம்மைக் கடைக்குப் போய் நின்றார்.

கடைக்காரர் நல்ல மனிதர், கேட்டதற்கு மேலேயே சொன்னார். நீராவிக் காலம் முடியாமலே தொடர்ந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு கற்பனை. அதற்கு ஸ்டீம்பங்க் என்று பெயர். இந்த மாதிரி பொம்மைகளில் ஆளுக்கொரு கோஷ்டியை எடுத்து, வர்ணம் பூசி, மேஜை மேல் மோதவிடுவது ஆட்டம்.

"அண்ணன் மூணு மாசமா வர்றாருக்கா. ஆனா வேடிக்கை மட்டும்தான். கோஷ்டி வாங்கி அழகா பெயிண்ட் பண்ணியும் வச்சிருக்காரு. பொம்மையை நகர்த்தற தூரத்தை ஒரு கண்ணால அளக்க நேரமாகுதாம், எதிர்ல இருக்கறவங்க காத்திருக்கணுமேன்னு கூச்சம். இந்த வாரத்தோட நிறுத்திக்கறேன்னு சொல்லிட்டாரு. பொறுமையா ஆட ஒரு ஆள் கிடைச்சா..."

"நான் ஆடுறேன்" என்றார் அக்கா, ஆட்டத்தின் தலையும் தெரியாமல் வாலும் தெரியாமல். இந்த ஒரு வாசலும் சாத்திக்கொண்டால் மனிதர் ஞாயிற்றுக்கிழமையும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அந்தப் பயம்தான் பேசியது.

கோஷ்டி பொறுக்கும் படலம் தொடங்கியது. முதலில் வான்கப்பல் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள்.

"கப்பல் மேல இவ்ளோ பெரிய பாய்லர். தண்ணி எங்கேர்ந்து வரும்?"

"அது... மேகத்துலேர்ந்து எடுத்துக்குவாங்கக்கா."

"மேகமென்ன குழாயா?"

அடுத்து சீமாட்டியும் அவளுடைய இரும்புக் காவலர்களும். "இந்தப் பல் சக்கரம் அந்தப் பல் சக்கரத்தைத் தொடவே இல்லையே, எப்படிச் சுத்தும்? கரி எந்த வழியா போடுவாங்க? சாம்பலை யாரு அள்ளுறது?" அக்கா குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். கடைக்காரருக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

"அக்கா, இதெல்லாம் கற்பனைக்கா."

"கற்பனைன்னா வெடிக்காதா?"

கடைசியில் அடித்தட்டில் தூசி படிந்த ஒரு பெட்டி. உள்ளே ஸ்பேனர் பிடித்த ஒரு மேஸ்திரியம்மா, மண்வெட்டியோடு கரி தள்ளுகிறவன், வாளி தூக்கும் இரண்டு பேர், மூன்று காலில் நடக்கும் தொப்பை இயந்திரம். அக்கா அதை மூக்கருகே கொண்டுவந்தார். உச்சியில் சேஃப்டி வால்வு! பக்கத்தில் மீட்டர்! தண்ணீர் பார்க்கும் கண்ணாடிக்குழாய்கூட இருந்தது. செய்தவன் நிச்சயமாக எங்கோ ஒரு பாய்லர் அறையில் வேலை பார்த்தவன்.

"இதான்."

"ஐயோ, அது வேணாம்க்கா. துப்பாக்கியே கிடையாது, வெறும் ரிப்பேர் கோஷ்டி. முதல் கோஷ்டியா இதை யாருமே எடுக்க மாட்டாங்க. எடுத்தா சீசன் முடியற வரைக்கும் மாத்தவும் முடியாது."

அக்கா அதைக் காதில் போட்டுக்கொண்டால்தானே.

ஞாயிறன்று மாடிக்கு வந்த வீட்டுக்காரர், எதிர் நாற்காலியில் மனைவியைப் பார்த்தபடியே வந்து உட்கார்ந்தார். "நீயா?" என்றார். கடைக்காரர் பையைப் பிடுங்காத குறையாக அவருடைய கோஷ்டியை எடுத்து மேஜையில் அடுக்கிவிட்டார். இனி எழுந்து போக முடியாது.

ஆட்டம் இவ்வளவுதான். மேஜையில் மூன்று கரிக்குவியல், கடைசிச் சுற்று முடியும்போது இரண்டைக் கையில் வைத்திருப்பவர் ஜெயித்தார். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு அட்டை மீட்டர். முள்ளை ஏற்ற ஏற்ற அடி பலமாக விழும். சிவப்பில் நின்றால் அடுத்த சுற்றில் தாயம் உருட்ட வேண்டும், குறைவாக விழுந்தால் வெடித்துவிடும். வீட்டுக்காரர் தலையைச் சாய்த்து, டேப்பை இரண்டு தடவை வைத்துப் பார்த்துத்தான் ஒவ்வொரு அடியும் நகர்த்தினார். அக்கா அவசரப்படவில்லை. தினமும் பாய்லர் சூடேறும்வரை காத்திருந்தவருக்கு இதெல்லாம் ஒரு காத்திருப்பா! பழக்கதோஷத்தில் அட்டை மீட்டரை மட்டும் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார்.

கடைசிக்கு முந்தின சுற்றில் அக்கா கையில் இரண்டு குவியல். வீட்டுக்காரரின் பெரிய இயந்திரமான இரும்பு நண்டுக்கு முள் சிவப்பில் நின்றது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பல் டாக்டரம்மா குனிந்து, "சும்மா இருங்கக்கா, அதுவே வெடிச்சிடும். நீங்க ஜெயிச்சாச்சு" என்று கிசுகிசுத்தார்.

சும்மா இருப்பதா? முள் சிவப்பில் நிற்கிறது, கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பதா? அக்காவுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. மேஸ்திரியம்மாவைத் தூக்கி நண்டின் பக்கத்தில் வைத்தார்.

"வால்வைத் திறந்துவிடுறேன்."

"அது அவரோட நண்டுக்கா!"

"யாரோடதா இருந்தா என்ன? சிவப்புல நிக்குதே!"

கடைக்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், தலையைச் சொறிந்தார். எதிரியின் இயந்திரத்தைச் சரிசெய்யக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை. இப்படி ஒருவர் வருவார் என்று எழுதினவருக்குத் தோன்றியிருக்காது. முள் இறங்கியது, நண்டு பிழைத்தது. அடுத்த சுற்றில் அதே நண்டு மேஸ்திரியம்மாவை நசுக்கி ஒரு குவியலைப் பறித்துக்கொள்ள, அக்கா தோற்றார்.

ஜெயித்தவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அறிவிருக்கா உனக்கு? எதிரிக்கு யாராவது ரிப்பேர் பண்ணுவாங்களா? ஜெயிச்ச ஆட்டத்தைத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கற!"

படி இறங்கும்போதும் திட்டினார், பஸ் நிறுத்தத்திலும் திட்டினார். பஸ்ஸில் ஏறினதும் நடுவில் ஒரு நிமிஷம் நிறுத்தி, "இவன் கியர் போடற லட்சணத்தைப் பாரு, பெட்டி பிஞ்சிடும்" என்று டிரைவரையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, மறுபடி நண்டுக்கு வந்தார். கரி தள்ளுகிறவனை எங்கே நிறுத்தியிருக்க வேண்டும், தொப்பை இயந்திரத்தை எந்தச் சுற்றில் நகர்த்தியிருக்க வேண்டும் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார், பார்த்தால் பார்க்கட்டும்.

அக்காவிடம் பதில் இல்லாமல் இல்லை, நாக்கு நுனியில் நாலு பதில் இருந்தது. சொன்னால் எங்கே நிறுத்திவிடுவாரோ என்று விழுங்கிக்கொண்டார்.

வீட்டுக் கதவைத் திறந்து செருப்பைக் கழற்றும்போதும் அவர் முடிக்கவில்லை. "அடுத்த வாரமாவது நான் சொல்றதைக் கேப்பியா?"

"ம்" என்றார் அக்கா.