கணவாய் வரைக்கும்

முத்துமீனாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. எழுமலைக் காலனியில் காட்டு வேலை பார்த்துப் பிழைத்த சோணைமுத்துவின் ஒரே மகள். தாயில்லாத பிள்ளை. அந்தத் தெருவில் முதன்முதலாக நர்ஸ் உடுப்புப் போட்டவள் அவள்தான். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை, பக்கத்திலேயே ஹாஸ்டலில் தங்கல். அதே ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்த கோகுல்நாத் முனிச்சாலைப் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பையன். மூன்று வருஷமாக இருவரும் விரும்பிக்கொண்டிருந்தார்கள். அவன் வீட்டார் சீக்கிரம் பெண் கேட்டு வருவார்கள் என்று அப்பாவிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

2001 பிப்ரவரி கடைசி ஞாயிறு. ஆஸ்பத்திரி ஊழியர்கள் பதினான்கு பேர் நாகமலை மேல் நடப்பதென்று ஏற்பாடு. புதுக்கோட்டைப் பக்கம் ஏறி, மலை முதுகிலேயே மேற்கே நடந்து, மேலக்கால் கணவாயில் இறங்க வேண்டும். முந்தின நாள் கோகுல்நாத் லேப் வாசலில் நின்று சொன்னான்.

"அக்கா வர்றாங்க நாளைக்கு. உன்னப் பாக்கணும்னு சொன்னாங்க."

அவனுக்குப் பத்து வயது மூத்தவள் ரம்யாஸ்ரீ. அப்பா இல்லாத வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அவள் சரி என்றால் எல்லாம் சரி. அன்று இரவு முத்துமீனா வெகுநேரம் தூங்கவில்லை. கோகுலிடம் கேட்டு அவன் வீட்டுப் பேச்சில் "சாப்பிட்டீங்களா" என்பதற்கான சொல்லைப் படித்து வைத்திருந்தாள். அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

காலை ஆறரைக்கு அடிவாரத்தில் கூடினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் பேயாண்டிக்கு அதுதான் சொந்த ஊர், அவர்தான் வழிகாட்டி. எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"மேல ஏறிட்டா நடுவுல இறங்க வழி கிடையாது. ரெண்டு பக்கமும் சரிவும் முள்ளுந்தான். கணவாய் வந்தாத்தான் தரையக் காண முடியும். முடியாதவுக இப்பவே சொல்லிருங்க."

ரம்யாஸ்ரீ அழுத்தமான நீலச் சேலையும் மெல்லிய செருப்புமாக வந்திருந்தாள். முத்துமீனாவைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்புதான், ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

ஏறி முடிக்கும்போதே வெயில் வந்துவிட்டது. மலை முதுகு சில இடங்களில் இரண்டு ஆள் அகலம்கூட இல்லை. பாறை, கள்ளி, மறுபடி பாறை. வடக்கே வைகையோரத் தென்னைகள் கறுப்பாகத் தெரிந்தன. தெற்கே போடி ரயில் ஒரு புழுவைப் போல ஊர்ந்தது. இளவட்டங்கள் பாடிக்கொண்டு முன்னால் போனார்கள். கோகுல்நாத்தும் அவர்களோடு போய்விட்டான்.

பத்து மணிக்கு ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முத்துமீனா தன் எலுமிச்சைச் சோற்றை எடுத்துக்கொண்டு ரம்யாஸ்ரீயிடம் போனாள். மனப்பாடம் செய்த சொல்லைச் சொன்னாள். ரம்யாஸ்ரீ திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கண் கலங்கினாற்போல இருந்தது. முகத்தை வைகைப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீயே செஞ்சியாம்மா?" என்று தமிழில் கேட்டாள். தப்பாக உச்சரித்துவிட்டோமோ என்று முத்துமீனா நினைத்தாள்.

பன்னிரண்டு மணிக்குமேல் பாறை கொதித்தது. ரம்யாஸ்ரீயின் செருப்பு வார் அறுந்தது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஒரு மேட்டில் ஏறும்போது அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது, பேச்சு குழறியது. முத்துமீனா தன் துப்பட்டாவை நனைத்து அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். பையிலிருந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்து மடக்கு மடக்காகக் கொடுத்தாள். தலைக்கு மேலே தன் குடையைப் பிடித்துக்கொண்டு, அரைமணி நேரம் அசையாமல் வைத்திருந்தாள்.

பேயாண்டி கத்திக் கூப்பிட்டதும் கோகுல்நாத் திரும்பி வந்தான். அக்காளும் தம்பியும் தங்கள் பேச்சில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். ரம்யாஸ்ரீ கோபமாக ஒன்றைக் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு முடியாது என்பதுபோல ஆட்டினான். முத்துமீனாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவன் தன்னை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது மட்டும் புரிந்தது.

"நான் முன்னாடி போயி வேனை ரெடியா நிறுத்துறேன்" என்று சொல்லிவிட்டு அவன் விறுவிறுவென்று நடந்தான்.

"கூடப் பொறந்தவள விட்டுட்டுப் போறான் பாரு" என்றார் பேயாண்டி. "சிஸ்டரு, நீங்க ஒரு பக்கம் பிடிங்க, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்."

முத்துமீனா தன் கான்வாஸ் ஷூவைக் கழற்றி ரம்யாஸ்ரீக்கு மாட்டிவிட்டாள். காலுறையோடு நடந்தாள். இறக்கம் வந்தபோது மூன்று பேர் சேர்ந்து நடக்கப் பாதையில் இடமில்லை. பேயாண்டி முன்னால் முள்ளை ஒதுக்கிப் போக, முத்துமீனா ரம்யாஸ்ரீயின் கையைத் தோளில் போட்டு, இடுப்பைப் பிடித்து, பல இடங்களில் கிட்டத்தட்டச் சுமந்தே இறக்கினாள். மூன்று மணி நேரம். உள்ளங்கால் கிழிந்து ரத்தம் காலுறையில் ஊறியது. ஆனாலும் மனசுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இதற்குமேல் இவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள் என்று அவள் நம்பினாள்.

கணவாய் ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் உட்கார வைத்தாள். பேயாண்டி இளநீர் வாங்கப் போனார். வேன் கொஞ்சம் தள்ளி நின்றது. அதற்குள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

ரம்யாஸ்ரீ அவள் பாதத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"ஐயோ, ஒண்ணுமில்லக்கா. ரெண்டு நாள்ல ஆறிரும்."

"மீனா, நான் உன்னப் பாக்க வரலம்மா. உன்கிட்டச் சொல்ல வந்தேன்."

"என்னக்கா?"

"அவனுக்கு எங்காளுங்கள்லயே பேசி முடிச்சாச்சு. தை மாசமே பூ வச்சாச்சு. அவகிட்ட நான் சொல்ல மாட்டேன், நீயே சொல்லுக்கான்னு கால்ல விழுந்தான். காலையிலேயே சொல்லிருக்கணும். நீ எங்க பேச்சுல சாப்பிட்டீங்களான்னு கேட்டதும் எனக்கு நாக்கு எழும்பல."

முத்துமீனா ரத்தம் ஊறிய காலுறையைக் கழற்றினாள். பிறகு, "மேல அவருகிட்ட என்னக்கா கேட்டீங்க?" என்றாள்.

"இந்தப் புள்ளயவா வேணாங்குறன்னு கேட்டேன்."

"நீங்க சொன்னா நடக்காதாக்கா?"

ரம்யாஸ்ரீ சேலைத் தலைப்பால் முத்துமீனாவின் பாதத்தைத் துடைக்கப் போனாள். முத்துமீனா காலை இழுத்துக்கொண்டாள்.

"எங்களுக்கு அம்புட்டுத் துணிச்சல் கிடையாதும்மா" என்றாள் ரம்யாஸ்ரீ கடைசியில்.

திரும்பும்போது வேனில் எல்லாரும் பாடினார்கள். முன் சீட்டில் கோகுல்நாத் தூங்குவதுபோலக் கண்ணை மூடியிருந்தான். அவள் அவனை ஒன்றும் கேட்கவில்லை. ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிந்தது தெரியாமல் அழுதாள்.

மறுவாரம் எழுமலைக்குப் போனாள். வீட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே சிவப்பு நிறத்தில் நான்கு புது பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன.

"அவுக வீட்டாளுக வந்தா கீழயா உக்கார வைக்க முடியும்?" என்றார் சோணைமுத்து வெட்கத்தோடு. "என்னைக்கு ஆத்தா வாராக?"

"வரலப்பா."

"தள்ளிப் போட்டாகளா?"

"இல்லப்பா. வரவே மாட்டாக."

சோணைமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்னாலயாத்தா? நான் ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தேன்ல, அழுக்கு வேட்டியோட. அத யாரும் பாத்துட்டாகளா?"

முத்துமீனா ஹாஸ்டல் பாத்ரூமில்கூட அப்படி அழவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லப்பா, நீ இல்லப்பா" என்பதைத் தவிர அவளால் வேறொன்றும் சொல்ல முடியவில்லை.

அதற்கப்புறமும் மூன்று மாசம் ரத்தக் குழாய்களை எடுத்துக்கொண்டு அவள் தினமும் லேபுக்குப் போனாள். அவன் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவான். வைகாசியில் அவன் கல்யாணம். வார்டில் எல்லாருமே போக ஆசைப்பட்டார்கள். "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள் முத்துமீனா. அன்று காலையிலிருந்து இருபத்திரண்டு நோயாளிகளையும் ஒருத்தியாகவே பார்த்தாள். மத்தியானம் பேயாண்டி வந்தார். அவரும் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஒரு டீயை மேசைமேல் வைத்துவிட்டு, "குடிங்க சிஸ்டரு, ஆறிப்போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த மாசமே வேலையை விட்டுவிட்டு உசிலம்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். முப்பத்திரண்டாம் வயதில் தமிழ்மாறன் என்ற ஸ்கூல் வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனுஷன். சோணைமுத்து அந்தக் கல்யாணத்தைப் பார்க்கவில்லை, முந்தின வருஷமே போய்விட்டார். மகளுக்கு வரன் பார்க்கச் சொல்லி யாராவது வாயெடுத்தால், "அதுவா வரட்டும்யா, எம்புள்ளய யாரு முன்னாலயும் கொண்டுபோயி நிறுத்த மாட்டேன்" என்று கடைசிவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம்.