கதவு வைத்த தொட்டிக்கு எவ்வளவு ஆகும்?

பாத்ரூம் வேலை செய்கிறவனிடம் வேலைக்கு முன்னால் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார்கள், முடிந்த பிறகு "ஏன் இவ்வளவு ஆச்சு?" என்று கேட்பார்கள், மற்றபடி அவனோடு பேச யாருக்கும் ஒன்றும் இருக்காது. பூனாவில் போபோடிப் பக்கம் குடியிருந்துகொண்டு எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தத் தொழிலைத்தான் செய்தேன். குழாய், பேசின், டைல்ஸ் எல்லாம் உண்டு. ஆனால் என்னைத் தேடி வந்தவர்களில் பாதிப் பேர், நடக்க முடியாத ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு திண்டாடியவர்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், காலை நேரத்தில் குளியலறை வாசலில் படும் பாட்டை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மழை நிற்கட்டும்

வானவடியில் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் வீடு. நம் தமிழ் ஆட்கள்தான். பெரியவருக்கு ஒரு பக்கம் வாதம் இழுத்திருந்தது, குளிக்கும் இடத்தில் ஏற்கெனவே வழுக்கி விழுந்திருந்தார். பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி, உட்கார ஒரு மேடை, சொரசொரப்பான தரை, இவ்வளவுதான் வேலை. அளவெடுத்து விலை சொன்னேன். "மழை நிற்கட்டும், இப்ப சிமெண்ட் காயாது" என்றார் மகன். மழை நின்றதும் தீபாவளி போகட்டும் என்றார். தீபாவளி போனதும், அப்பா உடம்பு எப்படி இருக்கிறதென்று பார்த்துக்கொண்டு செய்யலாம் என்றார்.

பெரியவர் மறுபடியும் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. துக்கம் கேட்கப் போயிருந்தேன். திரும்பும்போது மகன் கேட் வரை கூட வந்தார். அவர் அழுதது பொய்யில்லை, கண் நன்றாகச் சிவந்திருந்தது. அந்தக் கண்ணோடேயே என் தோளைத் தட்டிச் சொன்னார்: "நல்லவேளை ஜெயராஜ், வேலையை ஆரம்பிக்கல. ஆரம்பிச்சிருந்தா தண்டச் செலவு."

பதினாறாம் வாய்ப்பாடு

இனி நான் சொல்லப் போவதெல்லாம் ஒரே வீட்டுக் கதை. எங்கள் சபையைச் சேர்ந்த ஞானம் டீச்சர், கான்டோன்மெண்ட் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. மகன் சார்லஸ், மருமகள் மேரி. மூட்டு வாதத்தில் டீச்சருக்கு முழங்கால் இரண்டும் மடங்காமல் போய்விட்டது. சுவரைப் பிடித்து நாலடி நகர்வார், அவ்வளவுதான். அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸில் குளிக்கிற இடம் என்பது மோரி. அறையின் மூலையில், முழங்கால் உயரத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டி, உள்ளே பள்ளமாக இருக்கும். அந்தச் சுவரைத் தாண்டி இறங்கித் தரையோடு தரையாக உட்கார்ந்து குளித்து, மறுபடி எழுந்து தாண்டி வர வேண்டும். மேரி ஃபாக்டரியில் முதல் ஷிப்ட், விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். அவள் சாயங்காலம் திரும்பும்போது குழாயில் தண்ணீர் இருக்காது. ஆகவே தாயைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்துக் குளிக்க வைக்கிற வேலை மகன் தலையில் விழுந்தது.

நான் அளவெடுக்கப் போன காலையில் உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே சார்லஸின் குரல், பள்ளிக்கூடப் பையன் மாதிரி, உச்சஸ்தாயியில்: "சிக்ஸ்டீன் ஒன்ஸ் ஆர் சிக்ஸ்டீன், சிக்ஸ்டீன் டூஸ் ஆர் தர்ட்டி டூ..." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு டீச்சரைத் தூக்கி வந்து கட்டிலில் உட்கார வைத்துவிட்டு அவன் ஆபீஸுக்குக் கிளம்பிப் போனான். டீச்சர் ஈரத்தலையோடு என்னைப் பார்க்காமலே பேசினார். கதவைச் சாத்திக்கொண்டு தானாகக் குளிக்க வேண்டும், வேறு எதுவும் தனக்கு வேண்டாம் என்றார். வாய்ப்பாடு எதற்கு என்று கேட்டேன். "கண்ண மூடிக்கிட்டிருக்கான்னு எனக்குத் தெரியறதுக்கு. பதினாறாம் வாய்ப்பாடு சொல்லும்போது அவனுக்கு வேற எதுலயும் புத்தி போகாது, தம்பி. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். ஆனாலும் அங்க அவன் இருக்கான்ல?"

படத்துத் தொட்டி

சார்லஸ் பழைய பேப்பர் வாங்கி விற்கிற ரத்திக்கடையிலிருந்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் தாளைக் கொண்டுவந்திருந்தான். பளபளவென்று ஒரு வெள்ளைத் தொட்டி. அதன் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு. கதவைத் திறந்து நடந்து உள்ளே போகலாம், நாற்காலி மாதிரி உட்காரலாம், கதவைச் சாத்தித் தண்ணீரை நிரப்பிக்கொள்ளலாம். ஒரு வெள்ளைக்காரக் கிழவி கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பூனாவில் அப்படியொரு சாமானை எந்தக் கடைக்காரனும் கண்ணால் பார்த்தது கிடையாது. போசரியில் டெம்போவுக்கு ஃபைபர் கூரை செய்கிற பட்டறை ஒன்று இருந்தது. அங்கே அச்சு போட்டுச் செய்யலாம் என்றார்கள். மோரியை இடிக்க வேண்டும், தரையைச் சமமாக்க வேண்டும், அந்த மூலையை மறைத்துச் சுவர் எழுப்பிக் கதவு போட வேண்டும், விறகு போடுகிற செம்பு பாய்லரை எடுத்துவிட்டு கீஸர் மாட்ட வேண்டும். எல்லாம் கூட்டிச் சொன்னேன்.

மேரி விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். பிறகு, புக் பண்ணின ஸ்கூட்டர் வரப்போகிறது, அந்தப் பணமே இன்னும் சேரவில்லை என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். இருட்டில் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவள் அவள். சார்லஸ் படத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். டீச்சர் தலையணைக்கு அடியிலிருந்து போஸ்டாபீஸ் பாஸ்புத்தகத்தை எடுத்து என் மடியில் போட்டார். அடக்கச் செலவுக்கென்று, சவப்பெட்டிக்கும் கல்லறைக்கும் சேர்த்து, வருஷக்கணக்காகப் போட்டு வைத்த பணம். வேண்டாம் என்று மகனும் மருமகளும் ஒரே நேரத்தில் பதறினார்கள். டீச்சர் அசையவில்லை. "பெட்டிக்குள்ள படுக்கறதுக்கு முன்னாடி தொட்டிக்குள்ள உக்காந்துக்கறேன். செத்த பொறவு என்னை எப்படிப் போட்டா எனக்கென்ன?"

ஷிண்டே உள்ளே போனான்

என் கூட்டாளி ஷிண்டே மராட்டிக்காரன். என்னோடு அலைந்து தமிழ் கற்றுக்கொண்டவன். தொட்டி தயாரானதும் பட்டறை வாசலிலேயே தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம். கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி இருந்ததால் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு பீய்ச்சியடித்தது. உட்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றி, டெம்போக் கதவுக்குப் போடுகிற ரப்பரை ஒட்டிப் பார்த்தோம். சொட்டுக்கூட ஒழுகவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஷிண்டேயை உள்ளே உட்கார வைத்து நிரப்பினேன். அது ஜனவரி மாதம். பூனாக் குளிர் தெரிந்தவர்களுக்குத் தெரியும். போதும், வெளியே வா என்றேன். கதவு அசையவில்லை. தண்ணீரின் பாரம் அதை அழுத்திப் பிடித்திருந்தது. அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டையின் மூடியைப் பிடுங்கினோம். தண்ணீர் நிதானமாக, தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஷிண்டே பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தான். நடுங்குகிற வாயோடு அவன் சொன்னது: "அண்ணா, உள்ள போறது நம்ம இஷ்டம். வெளிய வர்றது தண்ணியோட இஷ்டம்."

முதல் குளியல்

தண்ணீர் சீக்கிரம் வடிய அகலமான குழாய் போட்டேன். தொட்டியை மாட்டி முடித்தோம். முதல் நாள் மேரி லீவு போட்டுவிட்டு உடன் இருந்தாள். டீச்சர் கம்பியைப் பிடித்துத் தானே நடந்து கதவைத் தாண்டி உட்கார்ந்தார். மேரி மட்டும் உள்ளே நின்று, எதைத் திருகினால் வெந்நீர், எதை இழுத்தால் வடியும் என்று சொல்லிக்கொடுத்தாள். சார்லஸும் ஷிண்டேயும் நானும் வெளியே, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றோம்.

உள்ளேயிருந்து டீச்சரின் குரல் வந்தது. பழைய வகுப்பறைக் குரல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று ஆண்பிள்ளைகள் சேர்ந்து ஒரு வெள்ளைக்காரியின் படத்தைப் பார்த்து, ஒழுகாத கதவுக்காக மாசக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோமே, உட்காரப் போகிறவள் எப்படிக் குளிப்பாள் என்று எங்களில் ஒருவனாவது கேட்டோமா? மொண்டு ஊற்றிக் குளித்தே பழகிய உடம்பு அது. அன்றைக்கே மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, கை எட்டும் உயரத்தில் ஒரு குழாயும் சொம்பு வைக்க ஒரு மாடமும் செய்துகொடுத்தேன். ஒழுகாத கதவு அதற்குப் பிறகு ஒருநாளும் தண்ணீரைத் தடுத்து நின்றதில்லை. டீச்சர் உள்ளேயிருந்து கேட்டது இதுதான்: "அழுக்கைக் கரைச்சு அதுக்குள்ளயே உக்காந்திருக்கணுமா? நான் என்ன சோப்புத் தண்ணில ஊறப்போட்ட துணியா?"

தாழ்ப்பாள்

அவ்வளவு செலவில் மிக மலிவான சாமானுக்குத்தான் பெரிய சண்டை நடந்தது. பாத்ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும் என்றார் டீச்சர். கூடவே கூடாது என்றான் சார்லஸ். உள்ளே மயங்கி விழுந்தால் யார் கதவை உடைப்பது? அவன் சொன்னதும் நியாயம். தாழ்ப்பாள் இல்லாத கதவு எனக்கு எதற்கு, அதற்கு மோரியே போதுமே என்றார் டீச்சர். அதுவும் நியாயம். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. குழாய்க்காரன் தீர்ப்புச் சொல்வதா?

கடைசியில் கேம்ப் பக்கம் ஒரு கடையில் ஒருவிதத் தாழ்ப்பாள் கிடைத்தது. உள்ளேயிருந்து திருகிப் பூட்டலாம். வெளிப்பக்கம் ஒரு வெட்டு இருக்கும், அதில் காசை நுழைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும். அந்த வெட்டைப் பற்றி டீச்சருக்குத் தெரியாமல் மாட்டிவிடச் சொன்னான் சார்லஸ். நான் மாட்டேன் என்று சொல்லி, டீச்சரிடமே காட்டினேன். டீச்சர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி என்றார். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். "அப்ப அம்பது பைசா கையில இருந்தா யார் வேணா என்னை வந்து பாக்கலாம்."

முதல் ஷிப்ட்

அந்த வேலை எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. ஊருக்கு வெளியே கடக்வாஸ்லா வரைக்கும் ஆட்கள் கூப்பிட்டார்கள். ஒருநாள் கிர்கி பஜாரில் சார்லஸைப் பார்த்தேன். ஆளே தெளிந்திருந்தான். இடுப்பு வலி போய்விட்டது, தாயின் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிறது என்றான். ஸ்கூட்டரும் வந்துவிட்டது. தினமும் இருட்டோடு மேரியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகிறான். அவன் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு மேரியின் ஃபாக்டரியிலேயே சேர்ந்து, முதல் ஷிப்டையே கேட்டு வாங்கியிருந்தான். சம்பளமும் அதிகம். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டேன். அப்படியானால் அம்மாவுக்குக் காலையில் துணை யார் என்றேன். அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "அவங்களே எந்திரிச்சு, அவங்களே குளிச்சுக்கிறாங்க. காலையில நான் வீட்ல இருந்து என்ன பண்ணப் போறேன், அண்ணா?"

ரப்பர் மாற்றப் போன நாள்

கதவு ரப்பர் பிய்ந்துவிட்டதென்று டீச்சர் சொல்லி அனுப்பினார். தண்ணீரே நிற்காத கதவுக்கு ரப்பர் எதற்கு என்று நினைத்துக்கொண்டே போனேன். வீட்டில் அவர் ஒருவர்தான். குளித்து, பவுடர் போட்டு, வெளுத்த புடவையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காபி கலந்து வைத்திருந்தார். ரப்பர் ஒன்றும் பெரிதாகப் பிய்ந்திருக்கவில்லை. இருந்தாலும் மாற்றினேன். கம்பியெல்லாம் ஆடாமல் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன். எல்லாம் கல் மாதிரி இருந்தது.

கிளம்பும்போது கையைக் கொடு என்றார். எழுந்திருக்கத்தான் என்று நினைத்துக் கொடுத்தேன். அவர் எழவில்லை. என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். விரல்கள் கோணிப்போய்க் குளிர்ந்திருந்தன. சிமெண்ட் படிந்த கையை இழுத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. தொட்டி சௌகரியமாக இருக்கிறதா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "ஒரு குறையும் இல்ல தம்பி, கேட்டபடியே செஞ்சு குடுத்துட்ட. முன்னாடி திட்டிக்கிட்டாவது தெனம் ஒருத்தன் தூக்குவான். இப்ப என்னை யாரும் தொடறதே இல்ல."

கதவு வைத்த தொட்டிக்கு எவ்வளவு ஆகும் என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள், நான் சாமான் விலையையும் கூலியையும் மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன்.