சோடாப் போத்தல் எழுத்து

துறைமுக வாசலுக்குப் போகும் வீதியில் இருந்த ஓர் அச்சகத்தில் ஒன்பது வருடம் அச்சுக்கோத்தேன். அங்கே எனக்குக் கடைசியாக நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வரும்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. முதலாளி கொழும்புக்குப் போய் ஒரு புது ஈய எழுத்துத் தொகுதி வாங்கி வந்தார். 'பிறஷ் எழுத்து' என்று பெருமையாகச் சொன்னார். தடித்த தூரிகையை மையில் தோய்த்து ஒரே இழுப்பில் எழுதியது போலிருக்கும். எல்லா எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்து ஓடும். தொடங்கும் இடம் பெருவிரல் தடிப்பு. முடியும் இடம் வால் போல மெலிந்து மேலே சுழலும். தூரிகை மயிர் பிரிந்த கீறல்களைக்கூட ஈயத்தில் விட்டிருந்தார்கள். சின்ன அளவில் அடித்தால் 'ண'வின் சுழிகளில் மை அடைத்து, அது 'ன'வா 'ண'வா என்று தெரியாது.

கூடாத எழுத்து என்று சொல்லமாட்டேன். கிண்ணியாவில் இருந்து வந்த சோடாப் போத்தல்களின் லேபிளில் அது துள்ளியது. படமாளிகை நோட்டீஸிலும் புடவைக்கடை மலிவு விற்பனையிலும், தம்பலகாமத்தில் உழவு இயந்திரம் வாடகைக்கு விட்டவரின் விளம்பரத்திலும், தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு நிறுத்தியது. கூவி விற்பதற்கென்றே வெட்டிய எழுத்து. முதலாளிக்கோ அதை எதற்கும் போடலாம் என்ற எண்ணம்.

தேர்தல் காலத்தில் ஒரு நாள் கடற்கரை ஊரான சல்லியில் இருந்து ஓர் அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். மீன்பிடிக்கப் போன கணவர் வள்ளம் கவிழ்ந்து இறந்துபோயிருந்தார்.

"தம்பி, என்ர மனுசன்ர முப்பத்தோராம் நாளுக்கு ஒரு அறிவித்தல் அடிக்கவேணும். வெள்ளிக்கிழமை கிரியை. சாதாரணமா இருந்தாக் காணும்."

அவர் போனதும் முதலாளியிடம் சொன்னேன்: "சாதா எழுத்து முழுக்கத் தேர்தல் நோட்டீஸில கோத்துக் கட்டிக் கிடக்கு. ஒரு பக்கத்தைப் பிரிச்சால்தான் இதைக் கோக்கலாம்."

"பிரிக்க ஏலாது. வேட்பாளர்ர ஆக்கள் நாளைக்கும் அடிக்கச் சொல்லுவினம். பிறஷ் எழுத்தில போடு."

"செத்த வீட்டு அறிவித்தல், முதலாளி."

"அவவுக்கு வாசிக்கவே தெரியாது. எழுத்தின்ர வடிவோ தெரியப்போகுது?"

நான் கோத்தேன். 'இறைவனடி சேர்ந்தார்' என்ற சொற்கள் வாலை ஆட்டிக்கொண்டு, சாய்ந்து, சந்தைக்கு ஓடுவது போல நின்றன. பார்த்தேன். பார்த்தும் அச்சுக்கு அனுப்பினேன்.

அடுத்த நாள் அந்த அம்மா வந்து ஒரு தாளைக் கையில் எடுத்தார். நெடுநேரம் அதைப் பார்த்தார்.

"தம்பி, இது சோடாப் போத்தல் எழுத்தெல்லோ?"

முதலாளி கதிரையை விட்டு எழும்பாமலே, "கொழும்பில இப்ப இதுதான் பாசன், அக்கா. அடிச்சாச்சு, இனி மாத்த ஏலாது" என்றார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா கண் தெரியும், ஐயா. என்ர மனுசன் செத்ததை நீங்கள் கூவி விக்கிறியள்."

சத்தம் போடவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு, வாசல் வாங்கில் போய் உட்கார்ந்தார். போகவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

நான் நேரே போய், வேட்பாளரின் நோட்டீஸில் முதற் பக்கம் பூட்டியிருந்த இரும்புச் சட்டத்தைத் தளர்த்தினேன். வீதி போடுவேன், வேலை தருவேன் என்ற வரிகளை அள்ளி எடுத்துப் பிரித்தேன்.

"உனக்கு விசரோ?" முதலாளி பாய்ந்து வந்தார். "இதோட உனக்கு இங்க வேலை இல்லை!"

"ஓம். இதை அடிச்சிட்டுப் போறன்."

பிரித்த பக்கத்தை உடனே திரும்பச் சேர்க்க ஏலாது என்று அவருக்கும் தெரியும். வேட்பாளரின் வீட்டுக்குச் சமாதானம் சொல்ல ஓடினார். நான் கோத்து முடித்தேன். அச்சு இயந்திரம் ஓட்டிய, குறிஞ்சாக்கேணி ஊர் முஸ்லிம் அண்ணரான நானா உருளையைத் துடைத்து, புது மை பூசி, தாளை வைத்தார்.

ஈரம் காயாத முதல் தாளை அந்த அம்மாவிடம் கொண்டுபோனேன்.

"ஒருக்கா வாசியுங்கோ, தம்பி."

வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் "ஓம்" என்றார். முடிந்ததும் சாயாமல் நிமிர்ந்து நின்ற எழுத்துகளைப் பார்த்து, "அவர் இப்பிடித்தான். சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார்" என்றார். அப்போதுதான் அழுதார்.

மூன்று மாதம் பாலையூற்றில் இருந்த என் வீட்டில் சும்மா இருந்தேன். பிறகு துறைமுகச் சரக்குக் கொட்டகையில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. ஓய்வு வரை அதுதான். முதலாளி திருந்தவில்லை. கல்யாணம், கோவில் திருவிழா, மரணம் எல்லாவற்றையும் அதே எழுத்தில் அடித்தார். எழுபதுகளில் நகரத்து மதில் முழுக்க அதுதான் சாய்ந்து ஓடியது.

அவர் மீதுள்ள கோபம் பாதிதான். மீதி என்மேல். அந்த எழுத்து எதற்குரியது, எதற்குரியதல்ல என்று அந்த அச்சகத்தில் நன்றாகத் தெரிந்தவன் நான். அப்படியிருந்தும் அதைக் கோத்தேன்; நிறுத்துவதற்கு வாசிக்கத் தெரியாத ஒருவர் வந்து சொல்லவேண்டியிருந்தது.