அறிவுமதியோடு பேச வேடியப்பன் இறக்கிய வீடியோக்கள்

திருவண்ணாமலை மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அடி அண்ணாமலை ஊர் வேடியப்பனுக்கு முப்பத்தாறு வயதில்தான் பெண் அமைந்தது. செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கத்து ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர். வெளிநாட்டுக்காரர்களோடு பழகி ஏழெட்டு மொழிகளில் நலம் விசாரிப்பார். வாய் ஓயாத மனிதர். பெண் அறிவுமதிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் இல்லை. போளூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்த்துவந்தார்.

பெண் பார்க்கப் போன அன்று இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து போனில் தட்டிப் பேசிக்கொண்டார்கள். சைகை மொழி தெரியுமா என்று அறிவுமதி கேட்டார். தெரியாது, கல்யாணத்துக்குள் கற்றுக்கொள்கிறேன் என்றார் வேடியப்பன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று பதில் வந்தது.

அது வேடியப்பனைச் சுட்டது. வைகாசியில் முகூர்த்தம், கையில் இரண்டு மாதம் இருந்தது. சைகை மொழி கற்பிக்கும் டீச்சர் ஒருவர் நானூறு சின்னச் சின்ன வீடியோக்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். சவாரி முடிந்து வீட்டுக்கு வந்ததும் போனில் அவற்றைப் பார்க்க ஆரம்பித்தார். மலைக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் சிக்னல் ஒரு கோடுதான். டீச்சர் கையைத் தூக்குவார், வட்டம் சுற்றும். கை இறங்கியபின் படம் வரும். தரத்தைக் குறைத்து வைத்தால் ஓடியது. ஆனால் டீச்சரின் முகம் கலைந்த கோலம்போல இருந்தது. கை தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்.

பத்து நாள் கழித்து வீடியோ காலில் அறிவுமதியை அழைத்து, சாப்பிட்டீர்களா என்று கையால் கேட்டார். அறிவுமதி முகம் சுளித்து, அழைப்பை நிறுத்திவிட்டுத் தட்டினார்: "நீங்க கேக்கல, அதட்டறீங்க."

வேடியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதைப் பார்த்துக் கற்றாரோ அதை அப்படியே படம் பிடித்து அனுப்பினார். டீச்சரின் முகமே தெரியாததைப் பார்த்ததும் அறிவுமதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. புருவத்தைத் தூக்கினால்தான் அது கேள்வி, இல்லாவிட்டால் கட்டளை என்று விளக்கினார். "மூஞ்சிதான் பாதிப் பேச்சு. வீடியோவுக்குக் கீழ டவுன்லோட் பட்டன் இருக்கு பாருங்க. எல்லாரும் எடுத்துக்கட்டும்னு டீச்சரே வச்சிருக்காங்க. நெட்டு நல்லா இருக்கற இடத்துல கம்ப்யூட்டர்ல இறக்கி, வீட்ல போய்ப் பாருங்க."

வேடியப்பன் வழக்கமாகச் சவாரி எடுக்கும் விடுதியின் மேனேஜர் சைலஜா. அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். ஆபீசில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பை எடுத்துக் கொடுத்து, மதியத்தில் ஆள் கம்மியாக இருக்கும்போது வைஃபையும் பயன்படுத்திக்கொள்ளச் சொன்னார் சைலஜா. மூன்று மதியங்கள் வேடியப்பன் விடுதி சோபாவிலேயே உட்கார்ந்து, உயர்ந்த தரத்தில் நானூறையும் இறக்கினார். எல்லாம் பெயரில்லாமல் வெறும் எண்களாகக் குவிந்து கிடந்தன. சைலஜா ஃபோல்டர் போடக் காட்டிக் கொடுத்ததும் சாப்பாடு, பயணம், உடம்பு, உறவு என்று பிரித்து வைத்தார்.

சித்ரா பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்தில் யாருடைய போனிலும் நெட் இல்லை. பாதையில் ஆட்டோவும் விடமாட்டார்கள். காலையிலிருந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்து புருவத்தைத் தூக்கியும் இறக்கியும் பயிற்சி செய்தார் வேடியப்பன். வாயால் பேசுவது பத்தாமல் இவன் கையாலும் ஆரம்பித்துவிட்டான் என்று அம்மா ரேணுகாம்பாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தார். ஆனால் மருமகளுக்காக அவரும் பக்கத்தில் உட்கார்ந்து நாலைந்து சொல் படித்துக்கொண்டார்.

மறுபடி வீடியோ காலில் அழைத்தபோது அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை அறிவுமதி முகம் சுளிக்கவில்லை. காலையில் என்ன சாப்பிட்டேன், யாரோடு சாப்பிட்டேன் என்று மெதுவாகக் கையால் சொன்னார். வேடியப்பனுக்கு ஒரு சொல்லும் தவறாமல் புரிந்தது. கடைசியில் அறிவுமதி போனில் தட்டினார்:

"சண்டைக்கு ஃபோல்டர் இருக்கா?"

"இல்லைங்க."

"அதையும் பிரிச்சு வைங்க. சண்டை போடத் தெரியாதவரோட நான் எப்படிக் குடும்பம் நடத்தறது?"

கோபம், பொய், வாக்கு, மன்னிப்பு என்று தேடித் தேடி இருபத்துமூன்று வீடியோக்களை அதில் போட்டார்.

கல்யாணமாகி மூன்றாம் வாரமே அது தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை போளூர் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தவர், சாத்தனூர் அணைக்குச் சவாரி போய்விட்டார். திரும்பி வந்தபோது அறிவுமதியின் கைகள் பறந்தன. ஒன்றும் பிடிபடவில்லை. கொஞ்சம் இருங்கள் என்று கைகாட்டிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு வீடியோவாக ஓட்டினார். பதினொன்றாவதில் 'வாக்கு' அகப்பட்டது. எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்று முகமும் சேர்த்துச் சொன்னார். அறிவுமதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் இருவரும் போளூர் போனார்கள்.

டீச்சரின் வீடியோக்களில் கிரிவலம் இல்லை, தீபம் இல்லை, ராஜகோபுரம் இல்லை. அறிவுமதி தன் தோழிகளோடு கலந்து பேசி, அவர்கள் வழக்கமாகக் காட்டும் சைகைகளை லேப்டாப் கேமராவிலேயே பதிவுசெய்தார். முப்பத்தொரு வீடியோக்கள். டீச்சர் அவற்றைத் தன் தளத்தில் சேர்த்துக்கொண்டார். ஸ்டாண்டில் இருக்கும் மற்ற டிரைவர்களும் அவற்றைப் பயணம் ஃபோல்டரோடு சேர்த்துப் பென் டிரைவில் வாங்கிப் போனார்கள்.

போன மாதம் காது கேளாத ஒரு தம்பதி விழுப்புரம் பஸ்ஸிலிருந்து இறங்கினார்கள். அதே ஸ்டாண்டு டிரைவர் சகாதேவன், எங்கே போகணும் என்று கையால் கேட்டு அவர்களைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு வந்தார். வந்ததும் வேடியப்பனைத் தேடிப் பிடித்தார்.

"அண்ணா, அந்தம்மா என்னை ஏதோ கேட்டாங்க, எனக்குப் புரியல. புள்ளைங்க எத்தனைனு கேட்டிருப்பாங்கனு நெனைக்கறேன். அந்த உறவு ஃபோல்டர் எனக்கும் வேணும்."